28 நாள் தூங்க வேண்டிய பணம்

சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பழவந்தாங்கலில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். பெயர் லட்சுமி விசா கணபதி. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகப் பீச் போகும் ரயிலில் ஏறினால் அவருடைய ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொள்ளலாம். தடுக்கி விழுந்தால் கோயில் என்கிற ஊர் காஞ்சி. காமாட்சியும் ஏகாம்பரநாதரும் வரதரும் உள்ளூரில் இருக்க, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பழவந்தாங்கலுக்கு எதற்குப் போக வேண்டும்? போகிறார்கள். விசா அப்படி ஒரு சமாச்சாரம்!

பிள்ளையாருக்குத் தேங்காய் போதும். விசா அதிகாரிக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட் வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கப் போகிறவர் கட்டாமல் பாக்கி வைத்திருக்கும் முதல் வருடக் கட்டணம், அதோடு ஒன்பது மாதச் சாப்பாட்டுச் செலவு, இரண்டும் கணக்கில் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2025 நவம்பரிலிருந்து லண்டனுக்கு வெளியே படிப்பவருக்கு மாதம் 1,171 பவுண்டு, லண்டனில் 1,529. வெளியூர்க் கணக்கையே பார்த்தாலும் ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு, சுமார் பன்னிரண்டரை லட்சம் ரூபாய். இந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும். ஒருநாள் குறைந்தாலும் போச்சு. அதுவும் மாணவர் பெயரிலோ, அப்பா அம்மா பெயரிலோ, சட்டப்படியான காப்பாளர் பெயரிலோ இருக்க வேண்டும்.

செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்பது தப்பில்லை. போன இடத்தில் பட்டினி கிடக்கக் கூடாதே. ஆனால் இந்த விதி உண்மையில் பார்ப்பது பணம் இருக்கிறதா என்பதை இல்லை, பணம் தூங்குகிறதா என்பதை. இரண்டும் ஒன்றல்ல என்பது பி.காம். முதல் வருடத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயம்.

பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு தறிவீட்டுக் கணக்கை யோசித்துப் பாருங்கள். சொசைட்டியோ முதலாளியோ பட்டும் ஜரிகையும் கொடுக்கிறார்கள். பாவு ஏற்றி, கோர்வை போட்டு நெய்வதென்றால் ஒரு ஆள் போதாது, தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒரு சேலை முடிய வாரங்கள் ஆகும். சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி வரும். வந்த கூலி மளிகைக்கும் சீட்டுக்கும் பழைய முன்பணத்துக்கும் போய்விடும். மிச்சம் ஏதாவது இருந்தால் அரை பவுனாக மாறி அம்மாவின் கழுத்துக்கு வரும். இந்த வீட்டில் சொத்தே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தறி இருக்கிறது, நகை இருக்கிறது, வீடு இருக்கலாம், தலைமுறை தலைமுறையாக வந்த கைத்தொழில் இருக்கிறது. 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய தொழில் அது! எல்லாம் இருக்கிறது. பன்னிரண்டரை லட்சம் ரூபாய் மட்டும் ஒரு வேலையும் செய்யாமல் 28 நாள் படுத்துக் கிடக்காது. அப்படிப் படுத்துக் கிடக்கும் பணம் உள்ளவர்களுக்காக எழுதிய விதி இது.

நகையை அடகு வைத்துக் காட்டலாமே என்பார்கள். வைக்கலாம். 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டரை லட்சத்துக்கு 28 நாள் வட்டி மட்டும் பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய். சும்மா இருந்ததற்கான வாடகை!

அடுத்தது சொந்தக்காரர்கள். நம் ஊரில் ஒரு பையன் படிக்கப் போகிறான் என்றால் பெரியப்பா இரண்டு லட்சம் தருவார், தாய்மாமா ஒரு லட்சம், அத்தை வளையலைக் கழற்றித் தருவாள். பிரிட்டிஷ் விசா விதியில் பெரியப்பா என்ற உறவே கிடையாது. அவர் தன் கணக்கில் எவ்வளவு வைத்திருந்தாலும் அது செல்லாது. அப்பா கணக்குக்கு மாற்றிய நாளிலிருந்து 28 நாளை எண்ண ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. சில நாட்டு மாணவர்கள் இந்தக் காகிதங்களை விண்ணப்பத்தோடு கொடுக்கவே வேண்டாம், கேட்டால் மட்டும் காட்டினால் போதும் என்று பிரிட்டன் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2018-ல் அந்தப் பட்டியலை நீட்டியபோது சீனாவைச் சேர்த்தார்கள், இந்தியாவைச் சேர்க்கவில்லை. அதனால் நம் ஆட்கள் காகிதத்தோடுதான் போக வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் ஒரு வியாபாரம் முளைத்திருக்கிறது. "ஃபண்ட்ஸ் காட்டித் தருகிறோம்" என்று ஏஜெண்டுகள் வருவார்கள். கணக்கில் பணத்தைப் போடுவார்கள், 28 நாள் கழித்து எடுத்துக்கொள்வார்கள், நடுவில் கமிஷன். விதி எதைத் தடுக்க வந்ததோ அதையே காசாக்குகிறார்கள். இப்படிப் போகிற பையன் அங்கே இறங்கும்போது அவன் கையில் அந்தப் பன்னிரண்டரை லட்சம் இருக்காது. பார்ட் டைம் வேலைதான் சோறு போட வேண்டும், அதற்கும் படிப்புக் காலத்தில் வாரம் இருபது மணி நேரம்தான் வரம்பு. பொய் ஆவணம் என்று கண்டுபிடித்தால் பத்து வருடம் அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது. ஏஜெண்டுக்கு ஒன்றும் ஆகாது.

ஜெர்மனிக்காரன் இதையே கொஞ்சம் யோசித்துச் செய்திருக்கிறான். அங்கே முடக்கப்பட்ட கணக்கு என்று ஒன்று. 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே அதில் போட வேண்டும். போன பிறகு மாதம் 992 யூரோவாக மாணவர் கைக்கே வரும். தொகை சின்னது இல்லை, நெசவாளி வீட்டுக்கு அதுவும் மலைதான். ஆனால் அது காட்டுவதற்கான பணம் இல்லை, தின்பதற்கான பணம். கணக்கில் எத்தனை நாள் தூங்கியது என்ற கேள்வியே இல்லை. பெரியப்பா தந்ததா, கடனா, உதவித்தொகையா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமும் இல்லை. (2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களின் சான்றிதழ்களை ஏ.பி.எஸ். என்ற அமைப்பு சரிபார்க்க வேண்டும், அதற்கு 18,000 ரூபாய். அது வேறு தலைவலி.) மாணவரின் வயிற்றைப் பற்றித்தான் கவலை என்றால் ஜெர்மன் முறைதான் நியாயம். 28 நாள் விதி வயிற்றைப் பற்றிய கவலையே இல்லை, அந்தஸ்தைப் பற்றிய கவலை.

1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து நெவாஸா கப்பலில் ஒருவர் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார். சின்ன வயதில் அம்மா வழித் தாத்தா வீட்டோடு காஞ்சிபுரத்தில் கொஞ்ச காலம் இருந்தவர். துறைமுக டிரஸ்டில் குமாஸ்தா. எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். ராமானுஜன்தான். இந்தியப் பாஸ்போர்ட் சட்டமே 1920-ல்தான் வந்தது. அவரிடம் யாரும் பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுண்டு கொடுத்தது, அதில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு ஒதுக்கிவிட்டுக் கிளம்பினார். இவருக்குக் காசு நாங்கள் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னது, அவ்வளவுதான்.

அந்த வழி இன்றைக்கும் அடைபடவில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. முறையான வங்கியின் கல்விக் கடன் கடிதம் இருந்தால் 28 நாள் கதையே வேண்டாம், பிரிட்டன் அதை ஏற்றுக்கொள்கிறது. ஏஜெண்டிடம் போவதற்கு முன் பேங்குக்குப் போக வேண்டும். பேங்க் என்ன சொல்லும்? வழக்கமான திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் சொத்து ஜாமீன் கேட்கும். இங்கே காஞ்சிக்கே உரிய ஒரு முடிச்சு விழுகிறது. பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கும், பங்காளிகள் நாலு பேர் கையெழுத்துப் போட வேண்டும். கோயில் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு அதுவும் இல்லை, மனை சாமியுடையது, அடகு வைக்க முடியாது. படிப்புக்கு அப்ளை பண்ணும்போதே பட்டா வேலையையும் ஆரம்பித்தால்தான் செப்டம்பர் வகுப்புக்குப் போய்ச் சேர முடியும். ஆஃபர் லெட்டர் வந்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு ஓடுகிறவர்கள்தான் கடைசியில் ஏஜெண்ட் வாசலில் நிற்கிறார்கள்.

சொசைட்டிகளும் ஒன்று செய்யலாம். உறுப்பினர் இத்தனை வருடமாக நெய்கிறார், வருடத்துக்கு இவ்வளவு கூலி வாங்கியிருக்கிறார் என்று ஒழுங்கான வருமானச் சான்று கொடுத்தால், அந்த ஒரு காகிதம் பேங்க் மேனேஜரிடம் எவ்வளவோ பேசும். கூலிக் கணக்கு சொசைட்டியிடம் இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

உதவித்தொகை? மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டத்தில் மொத்தம் 125 இடங்கள். அதில் பெரும்பங்கு, 115 இடம், பட்டியல் சாதியினருக்கு. நிலமற்ற விவசாயக் கூலிகளுக்கும் பாரம்பரியக் கைவினைஞர்களுக்கும் சேர்த்து ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவில் எத்தனை இடம் தெரியுமா? நாலு. காஞ்சிபுரத்துக்கு இல்லை, தமிழ்நாட்டுக்கும் இல்லை, மொத்த இந்தியாவுக்கும் நாலு.