கம்பளிக்குக் காரம் ஆகாது
கம்பளம் கழுவும்போது காரம் கூடக் கூட அழுக்கு நன்றாகப் போகும், பி.எச். அளவெல்லாம் வீண் பயமுறுத்தல் என்ற வாதம் பாதி உண்மையில் நிற்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைக் காரம் கரைக்கும் என்பது சரி. நைலான் கம்பளம் அதை ஓரளவு தாங்கவும் செய்யும். ஆனால் பதோஹியிலும் காஷ்மீரிலும் நெய்யப்படும் கம்பளங்களின் கம்பளியும் பட்டும் புரதம். 1909இல் வேதியியலாளர் சோரன்சன் வகுத்த பி.எச். அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு; 8இலிருந்து 11க்குப் போனால் காரத்தன்மை ஆயிரம் மடங்கு ஏறுகிறது. அந்த வீரியத்தில் கம்பளியின் கெரட்டினைக் கட்டிவைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகள் அறுகின்றன. இழை மஞ்சளித்து முரடாகிறது, சாயம் கசிகிறது. சலவை ப்ளீச் இன்னும் கொடியது, கம்பளியையே கரைத்துவிடும்.

நீர் சேர்த்தால் வீரியம் குறையாதா என்று கேட்கலாம். குறையும், ஆனால் பத்து மடங்காக நீர்க்கச் செய்தாலும் ஏறக்குறைய ஒரு படிதான் இறங்கும், பல கரைசல்களில் அதுவும் இறங்காது. பிறகு வினிகர் ஊற்றிச் சமன்செய்யலாமே என்பது அடுத்த வாதம். மிச்சமிருக்கும் காரத்தை வினிகர் சமன்செய்யும். அறுந்த பிணைப்பை ஒட்டவைக்காது. ப்ளீச்சோடு அது கலந்தாலோ நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். கம்பளிக்கு பி.எச். 8ஐத் தாண்டாத கரைசலையே வாங்குங்கள். சோதனைத்தாளில் அளந்து, ஓரத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்த பிறகே பரப்புங்கள்.