நோய் திரும்பும் என்ற பூச்சாண்டி

புற்றுநோய் வந்து குணமான பெண் பிள்ளை பெறக் கூடாது, பெற்றால் நோய் திரும்பிவிடும் என்று தீர்ப்புச் சொல்பவர்களுக்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை. நிணநீர்ப் புற்றுநோயில் ஹாட்ஜ்கின் வகை இளம் வயதினரை அதிகம் தாக்குவது. இருபதுகளில் நோயோடு போராடி மீண்டவளுக்குக் கல்யாணப் பேச்சு எழும்போதே இந்தத் தீர்ப்பும் வந்து குறுக்கே நிற்கிறது.

கர்ப்பத்தில் எதிர்ப்புச் சக்தி குறையும், அடங்கிய நோய் கிளம்பிவிடும் என்பது அவர்கள் வாதம். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது வேறு. ஸ்வீடனில் 1992 முதல் 2009 வரை இந்நோய் கண்டறியப்பட்டுச் சிகிச்சையில் அடங்கிய 449 இளம்பெண்களை ஆய்வாளர்கள் பதிவேடுகள் வழியே பின்தொடர்ந்தார்கள். கருவுற்றவர்கள் 144 பேர். கர்ப்பத்தின்போதோ பிரசவத்துக்குப் பின் 5 ஆண்டுகளுக்குள்ளோ நோய் திரும்பியது அவர்களில் ஒரே ஒருவருக்கு. உடல் தேறியவர்கள்தானே கருவுறுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கர்ப்பம் நோயைத் தடுக்கும் என்று இந்தக் கணக்கு நிரூபிக்காது. கிளப்பிவிடும் என்ற பேச்சைப் பொய்யாக்க இது போதும்.

இந்த நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் திரும்பும். அதனால்தான் இரண்டாண்டு பொறுத்துக் கருவுறுங்கள் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தப் ‘பொறு’ ஊர் வாயில் ‘கூடாது’ ஆகிவிட்டது. பிள்ளைக்கும் நோய் ஒட்டிக்கொள்ளும் என்பதும் இதே ரகம்தான். அடங்கிய நோய் தாயிடமிருந்து கருவுக்குத் தொற்றுவதில்லை.

கவலைப்பட வேண்டியது சிகிச்சை விட்டுப்போன தடங்களைப் பற்றி. வழக்கமாகத் தரப்படும் ஏபிவிடி மருந்துகள் இளம்பெண்ணின் சினைப்பையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. தீவிரமான கீமோவும் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையும் கெடுக்கலாம். ஆகவே கருமுட்டையை உறையவைத்துக் காக்கும் பேச்சு முதல் ஊசிக்கு முன்பே நடக்க வேண்டும். ஹாட்ஜ்கின் முற்றிய நிலையில் இருந்த ஒரு பெண்ணின் சினைப்பைத் திசுவை 1997இல் பெல்ஜியத்தில் எடுத்து உறையவைத்து, பின்னர் அவர் உடலிலேயே பொருத்தினார்கள். 2004இல் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது.

ஏபிவிடியில் உள்ள டாக்ஸோரூபிசின் இதயத்தசையைப் பலவீனப்படுத்தக் கூடியது. மார்பில் கொடுத்த கதிர்வீச்சும் இதயத்தைப் பாதிக்கலாம். கழுத்தில் கொடுத்தது தைராய்டு சுரப்பைக் குறைக்கலாம். கர்ப்பத்தில் இதயத்தின் வேலை கூடுவதால், இப்படிச் சிகிச்சை பெற்றவளுக்கு எக்கோ என்னும் இதயப் பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் அவசியம். இந்த இடத்தில்தான் அந்தத் தீர்ப்பு வெறும் மூடநம்பிக்கை என்ற நிலையைத் தாண்டி ஆபத்தாகிறது. பிள்ளை பெறத் தகுதியில்லாதவள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் பெற்றோர் நோயை மறைத்துக் கல்யாணம் செய்கிறார்கள். புகுந்த வீட்டுக்குத் தெரியாதது பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாமல் போகிறது. மாமியாரும் நாத்தனாரும் பக்கத்தில் நிற்கும்போது அவள் எப்படி வாய் திறப்பாள்? கேட்டிருக்க வேண்டிய எக்கோவை யாரும் கேட்பதில்லை. அவளைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நம்பிக்கையே அவளுக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பைப் பறித்துவிடுகிறது.

அவள் தாயாகலாமா என்று தீர்மானிக்க ஊருக்கு எந்த உரிமையும் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு, எங்கே கதிர்வீச்சு என்ற பழைய சிகிச்சைக் குறிப்பு மகப்பேறு மருத்துவரின் மேசைக்குப் போகட்டும். அதற்கு வழிவிட்டு மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டால் போதும்.