பனிக்காலத்திலேயே அனுப்புங்கள்

பிற தேசத்துச் சர்வகலாசாலை ஒன்றில் ஒரு பருவம் தங்கிப் படித்துவரும் வாய்ப்பு தம் பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறது என்று அறிந்தவுடன், நம் பெற்றோர் முதலில் விசாரிப்பது அங்கே குளிர் எப்போது குறையும் என்பதைத்தான். வசந்தத்தில் போய்க் கோடை முடியுமுன் திரும்பிவிடலாமா, டிசம்பர் மாதத்து இருளையும் உறைபனியையும் எப்படியாவது தவிர்த்துவிடலாமா என்று கேட்கிறார்கள். அன்பினால் எழும் அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆயினும் பின்லாந்தின் வடபகுதியில் பரிமாற்ற மாணவனாக ஒரு முழுக் குளிர்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், அவர்களுடைய எண்ணத்துக்கு நேர்மாறான அபிப்பிராயம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு தேசத்தாரை அறிந்து வருவதே பிரயாணத்தின் நோக்கமானால், அத்தேசத்தின் சீதோஷ்ணம் மிகக் கடுமையாயிருக்கும் மாதங்களிலேயே நம் பிள்ளைகள் அங்கே போகவேண்டும். கோடையில் அந்நாட்டாரை இயற்கையே பேணுகிறது; குளிர்காலத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பேணிக்கொண்டாக வேண்டும், அதை எவ்வாறு செய்கிறார்கள் என்பதைக் காணத்தான் மாணவன் அவ்வளவு தூரம் போகிறான்.

மாணவப் பரிமாற்றத்துக்கு ஐரோப்பாவில் ஓர் ஒழுங்கான வடிவம் கிடைத்தது 1987ஆம் ஆண்டில். இராஸ்மஸ் என்ற பெயரோடு தொடங்கிய அத்திட்டத்தின்கீழ் முதல் ஆண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்களே பிரயாணம் செய்தனர். பின்லாந்து 1992இல் அதில் சேர்ந்தது. 2015 முதல் நம் நாடு போன்ற தூரதேசத்துக் கல்வி ஸ்தாபனங்களும் பங்குகொள்ள வழி திறந்தது. சொந்தக் கல்லூரிக்குச் செலுத்தும் கட்டணத்தைத் தவிர, போய்ச் சேரும் சர்வகலாசாலைக்குத் தனியே போதனைக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பது இவ்வகை ஏற்பாட்டின் பெரிய சௌகரியம். பின்லாந்தில் ஒரு பருவம் இலையுதிர்காலத்தில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. மற்றொன்று ஜனவரியில் தொடங்கி மே மாதம்வரை நீடிக்கிறது. முதல் பருவத்துக்கு வருபவன் நவம்பரின் துயரத்தை முழுவதும் அனுபவித்துவிட்டு, அதற்கான கைம்மாறு கிடைக்குமுன்னே ஊர் திரும்பிவிடுகிறான். ஏனெனில் அந்நாட்டாரே வெறுக்கும் மாதம் ஜனவரியன்று, நவம்பர்தான். அப்போது ஒளி குன்றிவிடுகிறது, தரையை வெளுக்கப் பனியும் நிலைத்திருப்பதில்லை, மழையும் சேறும் கருமேகமும் நாள்தோறும் மனத்தை அழுத்துகின்றன. ஜனவரியில் வருபவனோ வெண்பனி மூடிய நிலத்தில் வந்து இறங்கி, பிப்ரவரி பிறந்தபின் ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிட ஏறக்குறைய ஆறு நிமிஷம் கூடுதலான பகலைப் பெற்றுக்கொண்டே போகிறான்.

நான் தங்கியிருந்த ஔலு நகரம் போத்னியா வளைகுடாவின் கரையில், 65ஆம் அட்சரேகையில் உள்ளது. டிசம்பரின் மிகக் குறுகிய நாளில் காலை பத்தரை மணி அளவில் உதிக்கும் சூரியன், தொடுவானத்தை விட்டு அதிகம் எழாமல் ஊர்ந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு அஸ்தமித்துவிடுகிறது. பகல் என்பது மூன்றரை மணி நேரமே. சில வாரங்களில் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியைத் தாண்டி இறங்குவதுண்டு. கடல் உறைந்து தரையோடு தரையாகிவிடும். இத்தகைய இடத்தில் வாழ்க்கை ஸ்தம்பித்துப் போயிருக்கும் என்று எண்ணி வருகிற மாணவன், காலை எட்டு மணியின் கும்மிருட்டில், ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் விளக்கு எரியும் மிதிவண்டிகளில் சாரி சாரியாகப் பள்ளிக்குப் போவதைக் கண்டு திகைத்து நிற்கிறான். அவர்களுடைய தைரியத்தைவிட, அந்தத் தைரியத்துக்கு ஆதாரமாக இருக்கும் ஏற்பாடுதான் கவனிக்கத் தக்கது. மிதிவண்டிக்கும் பாதசாரிக்கும் உரிய பாதைகள் மோட்டார் சாலையிலிருந்து பிரிந்து செல்கின்றன. இரவில் பெய்த பனியை அதிகாலையிலேயே இயந்திரங்கள் வழித்துத் தள்ளிவிடுகின்றன. வழுக்காமலிருக்கப் பொடிக்கல் தூவப்படுகிறது. சாலைகளுக்கு அடியில் சுரங்க வழிகள் உண்டு. குளிர்கால மிதிவண்டிப் பயணத்துக்கென்றே கூடிய முதல் சர்வதேச மகாநாடு 2013இல் இந்த நகரில்தான் நடைபெற்றது.

இருட்டில் நடப்பவர் ஒளியைப் பிரதிபலிக்கும் வில்லை ஒன்றைத் தம் உடையில் அணிந்துகொள்வது அந்நாட்டு வழக்கம். குழந்தையின் பள்ளிப்பையிலும், கிழவியின் கைத்தடியிலும், பேராசிரியரின் மேலங்கியிலும் அந்தச் சிறு வில்லை தொங்குகிறது. மின்னிலையங்களில் காய்ந்த நீர் பூமிக்கடியிலுள்ள குழாய்கள் வழியே ஊர் முழுதும் ஓடி, செல்வர் வீட்டையும் மாணவர் விடுதியையும் ஒரே அளவில் வெதுவெதுப்பாக வைக்கிறது. நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இவ்விதம் வெப்பம் பெறும் வீடுகளிலேயே வாழ்கிறார்கள். சூரிய ஒளி குறைவதால் தேகத்துக்கு வேண்டிய வைட்டமின் டி குறைகிறதென்று கண்டு, 2003 முதல் பாலிலேயே அதைச் சேர்த்துவருகிறார்கள். மாணவர் உணவுச்சாலைகளில் மத்தியான உணவின் விலையில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. தூரதேசத்திலிருந்து ஒரு பருவத்துக்கு மட்டும் வந்தவனுக்கும் அந்தச் சலுகை உண்டு. ஜூன் மாதத்தில், நள்ளிரவிலும் வெளிச்சம் மங்காத வேளையில் வந்துபோகும் பிரயாணி இவற்றில் எதைப் பார்க்கப்போகிறான்? ஏரியையும் பிர்ச் மரத்தையும் புகைப்படம் எடுத்துக்கொண்டு, அழகான தேசம் என்று சொல்லிவிட்டுப் போவான். அது உண்மைதான், ஆனால் அந்த அழகை அந்நாட்டார் உண்டாக்கவில்லை.

ஆயினும் ஏற்பாடுகள் மட்டும் போதுமானவை என்று நான் சொல்லமாட்டேன். இந்த இடத்தில் நமக்கெல்லாம் உரியவரான ஒரு மாமேதையின் அனுபவத்தை நினைவூட்டவேண்டியிருக்கிறது. 1914ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்த ஸ்ரீநிவாஸ ராமானுஜன் இரவில் குளிரால் வருந்தினார். பிற்காலத்தில் புள்ளியியல் துறையில் பெரும்புகழ் எய்திய மகலநோபிஸ் அப்போது அங்கே மாணவராக இருந்தார்; ராமானுஜன் மேலங்கியையும் சால்வையையும் போர்த்துக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்று கேட்டு, அவருடைய படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகளுக்குக் குறைவே இல்லை; அவை ஓரங்களில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை; விரிப்புக்கும் கம்பளிக்கும் இடையில்தான் அவர் படுத்திருந்தார். மகலநோபிஸ் அதை விளக்கிக் காட்டியபோது அவர் மனம் நெகிழ்ந்துபோனார். எண்களின் அந்தரங்கங்களையெல்லாம் தாமாகவே கண்டறிந்தவர், ஒரு படுக்கையின் அமைப்பை இன்னொருவர் சொல்லித்தான் அறியவேண்டியிருந்தது. அந்நிய தேசத்துக் குளிரைப் பற்றி நான் அறிந்த கதைகளில் இதைவிடப் பொருள் பொதிந்தது வேறில்லை. கம்பளி இருந்தது, சொல்லிக் காட்ட மனிதர் இல்லை; இன்றும் குளிர்காலத்தில் போகும் நம் பிள்ளைகள் படும் துன்பத்தில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்ததே.

பருத்திச் சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு அணிந்துகொண்டு வெளியே போகிறவன், நடந்த வேர்வை பருத்தியில் தங்கி உறைவதால், ஒன்றும் அணியாதவனைப்போல் நடுங்குகிறான். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி நூலாடை ஒன்று, அதன்மேல் காற்றைத் தேக்கிவைக்கும் தடித்த ஆடை ஒன்று, வெளியே காற்றுப் புகாத அங்கி ஒன்று என்ற மூன்றே போதும் என்று தெரிந்தவன் சுகமாக உலாவுகிறான். அந்த அங்கியைப் புதிதாக வாங்க நம் நடுத்தரக் குடும்பத்தார் மாதச் சம்பளத்தைச் செலவிட வேண்டியதில்லை. அந்நாட்டு நகரங்களில் உள்ள பழம்பொருள் அங்காடிகளில் நல்ல அங்கிகள் மிக மலிவாகக் கிடைக்கின்றன, அங்குள்ள மாணவர்களும் கூச்சமின்றி அங்கேதான் வாங்குகிறார்கள். இவற்றையெல்லாம் சொல்வதற்கென்றே பின்லாந்துச் சர்வகலாசாலைகள், புதிதாக வரும் பரிமாற்ற மாணவருக்கு மூத்த மாணவர் ஒருவரைத் துணையாக நியமிக்கின்றன. ரயிலடிக்கு வந்து, விடுதிச் சாவியை வாங்கிக்கொடுத்து, கடைக்கு அழைத்துப்போய், சவுனா எனப்படும் நீராவிக் குளியலறையில் எவ்வளவு நேரம் இருப்பது என்பதுவரை கற்றுக்கொடுக்கும் அந்தத் துணையே, வகுப்பறையில் கிடைக்கும் எதற்கும் குறையாத செல்வம் என்பது என் அனுபவம்.

சவுனாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பத்தைந்து லட்சம் ஜனங்கள் உள்ள நாட்டில் முப்பது லட்சம் அளவில் சவுனாக்கள் இருக்கின்றன. 2020இல் யுனெஸ்கோ அந்தப் பழக்கத்தை மானிட சமூகத்தின் கலாசார மரபுகளில் ஒன்றாக ஏற்றது. தெருவில் அந்நியனைக் கண்டு வாய் திறவாத அந்த ஜனங்கள், காய்ந்த கற்களின்மேல் நீரை வார்த்து எழும் ஆவியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனோடு தம் தகப்பனாரைப் பற்றியும் தம் துக்கத்தைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய மௌனத்தை அலட்சியம் என்று எண்ணி மனம் உடைந்துபோகும் நம் மாணவன், ஒரு குளிர்காலம் அங்கே இருந்தால்தான் அது மரியாதையின் ஒரு வகை என்பதை உணர்வான்.

பிரயாணத்துக்கும் குளிர்காலமே உகந்தது என்பேன். ஔலுவிலிருந்து ரயிலில் வடக்கே இரண்டரை மணி நேரத்தில் ரோவனியேமி வந்துவிடுகிறது. 1944இல் பின்வாங்கிச் சென்ற ஜெர்மானியப் படையால் ஏறக்குறைய முழுதும் எரிக்கப்பட்டு, ஆல்வார் ஆல்ட்டோ என்ற கட்டடக்கலைஞரின் திட்டப்படி மீண்டும் எழுந்த நகரம் அது. டிசம்பரில் உலகெங்குமிருந்து விமானங்களில் வருபவர்கள் ஆர்க்டிக் வட்டத்தின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கேயே நின்றுவிடாமல் இன்னும் வடக்கே, பஸ்ஸில் இனாரி என்ற சிற்றூர்வரை செல்லும் மாணவன், சாமி எனப்படும் பூர்வகுடியினரின் பாராளுமன்றத்தையும் அருங்காட்சியகத்தையும் காண்கிறான். சில நூறு பேர் மட்டுமே பேசும் இனாரி சாமி மொழி அழிந்துபோகும் நிலையில் இருந்தபோது, 1997இல் அவ்வூரார் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளை ஒன்றுகூட்டி, அவர்களோடு அம்மொழியில் அன்றி வேறு மொழியில் பேசுவதில்லை என்ற நியமத்தோடு பாலர் இல்லங்களை அமைத்தனர். இன்று அம்மொழியை இளைஞர் பேசுகிறார்கள். தாய்மொழியைப் பற்றி மேடைகளில் நாம் பேசிவரும் பேச்சுக்களையெல்லாம் எண்ணிப் பார்த்தபோது, பனிக்குள் புதைந்த அந்தச் சிற்றூராரின் செயலுக்கு முன்னால் என் தலை தானே தாழ்ந்தது.

வானத்தில் தோன்றும் வடதுருவ ஒளியும் அங்கே தங்கி வசிப்பவனுக்கே எளிதில் கிட்டும். சூரியனிலிருந்து புறப்படும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் காந்தப் புலத்தால் வழிசெலுத்தப்பட்டு, நூறு கிலோமீட்டருக்கு மேலான உயரத்தில் பிராணவாயுவோடு மோதுவதால் பச்சை நிறம் பிறக்கிறது. பணம் கொடுத்து இரண்டு இரவுக்கு வருபவன் மேகத்தைப் பார்த்துவிட்டு ஏமாந்து போவதுண்டு. அங்கேயே வசிக்கும் மாணவன் நூலகத்திலிருந்து திரும்பும் வழியில் தலையை நிமிர்த்தினால் போதும்.

குளிரால் எவருக்கும் துன்பமில்லை என்று நான் வாதிக்கவில்லை. ஒளிக்குறைவினால் உறக்கம் கெட்டு, எதிலும் நாட்டமின்றிப் படுக்கையிலேயே கிடந்த மாணவர்களை நான் கண்டிருக்கிறேன்; அது சோம்பல் அன்று, மருத்துவர் அறிந்த நோய், அதற்குச் சிகிச்சையும் உண்டு. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது 'நன்றாயிருக்கிறேன்' என்று மட்டும் சொல்லும் பிள்ளையிடம், இன்று வெளியே போனாயா, யாரோடு சாப்பிட்டாய் என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்பது பெற்றோரின் கடமை.

நம் கல்லூரிகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. கடவுச்சீட்டையும் விசாவையும் சரிபார்த்து வழியனுப்புவதோடு தங்கள் வேலை முடிந்துவிட்டதென்று பெரும்பாலானவை கருதுகின்றன. வடதேசத்தில் ஒரு குளிர்காலம் இருந்துவந்த மாணவர்களை, அடுத்துப் போகிறவர்களோடு சில நாட்கள் உட்காரவைத்து, உடுப்பது முதல் உறங்குவதுவரை சொல்லிக் கொடுக்கச் செய்வதற்கு அதிகப் பணமோ பெரிய குழுவோ தேவையில்லை. திரும்பிவந்தவர்களின் மேலங்கிகள் வீட்டு அலமாரிகளில் பயனின்றிக் கிடக்கின்றன. அவற்றைக் கல்லூரியே பெற்று வைத்துக்கொண்டு, வசதி குறைந்த மாணவருக்குக் கொடுத்து வாங்கலாம். இவ்விரண்டையும் வரும் பருவத்திலிருந்தே தொடங்கும்படி கல்லூரி முதல்வர்களைக் கேட்டுக்கொள்கிறேன்; ஜனவரிப் பருவத்துக்கு விண்ணப்பிக்க விரும்பும் மகனையோ மகளையோ, குளிரைக் காரணமாகக் காட்டித் தடுக்கவேண்டாம் என்று பெற்றோரையும் வேண்டிக்கொள்கிறேன்.