நளன் கற்ற கணக்கு

சீட்டுக்கட்டைக் கண்டதும் முகஞ் சுளிக்கும் பெரியவர்கள் யாழ்ப்பாணத்தில் இன்றும் உளர். அவர்களைக் குறைகூற நான் முன்வரவில்லை. சூதினால் நாடிழந்த தருமனுடைய கதையையும் நளனுடைய கதையையும் கேட்டு வளர்ந்த சமூகம் வேறெவ்வாறு நினைக்கும்? வள்ளுவரும் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்துவைத்தார். ஆயினும், எல்லாச் சீட்டாட்டங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘தொடாதே’ என்னும் ஒரு சொல்லோடு பிள்ளைகளை உலகத்துக்கு அனுப்பிவிட்டாற் போதுமா? போதாது என்பதே என் துணிபு.

நமது ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டுவருவது முந்நூற்றுநான்கு. சீட்டுகள் 32, ஆடுவோர் நால்வர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பில்லை. இவ்வாறு ஓரினத்துக்கு 76 ஆக, நான்கினமும் சேர்ந்து 304 ஆகின்றது. கலியாண வீட்டுப் பந்தலிலும், செத்தவீட்டில் விழித்திருக்கும் இரவிலும், திண்ணையிலும் இவ்வாட்டத்தைப் பார்த்திராதவர் நம்மிற் சிலரே. கவிழ்த்து வைத்த துரும்பு எதுவென ஊகிக்கவேண்டும். விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்திருக்கவேண்டும். வாய் திறவாத கூட்டாளியின் மனத்தை அவன் போடும் சீட்டிலிருந்தே அறியவேண்டும். நால்வரும் சமமாக அமர்கின்றனர். இன்று தோற்றவன் நாளை வெல்லலாம். இந்த ஆட்டத்தில் விதியே ஒருவர் பக்கம் சாய்ந்து நிற்பதில்லை.

பிளாக் ஜாக் என்னும் இருபத்தொன்று இதனின்றும் வேறானது. அங்கே எதிரே இருப்பது சூதாட்ட விடுதி. உருவச் சீட்டுகள் ஒவ்வொன்றும் பத்து. ஆசு ஒன்றாகவோ பதினொன்றாகவோ கொள்ளப்படும். 21ஐக் கடவாமல் அதனை நெருங்கியவருக்கே வெற்றி. விடுதியின் ஆள் ஒரு சீட்டைத் திறந்தும் ஒன்றை மூடியும் வைப்பார். அவருக்குச் சொந்த விருப்பம் இல்லை: 16 வரை சீட்டு எடுத்தேயாகவேண்டும், 17இல் நின்றேயாகவேண்டும். இத்தனை எளிய ஆட்டத்தில் விடுதி எங்ஙனம் பிழைக்கிறது? ஆடுபவன் முதலில் எடுக்கிறான்; 21ஐக் கடந்தால் அப்பொழுதே பந்தயப் பணத்தை இழக்கிறான். பின்னர் விடுதியும் கடந்தாலும் அவன் பணம் திரும்பி வராது. விடுதியின் இலாபம் முழுவதும் இந்த முந்துதல் பிந்துதலிலேயே இருக்கிறது.

இவ்வாட்டத்தை முறையாகக் கணக்கிட்டவர்கள் போல்ட்வின், கான்ரி, மைசல், மக்டெர்மொட் என்னும் நால்வர். அமெரிக்க இராணுவத்திற் பணிபுரிந்த காலத்தில் மேசைக் கணக்குப் பொறிகளைக்கொண்டு உழைத்து, 1956ஆம் ஆண்டு அமெரிக்கப் புள்ளிவிவரக் கழகத்தின் ஏட்டிலே தம் முடிபை வெளியிட்டனர். அதன் சாரம் கடினமானதன்று. கையில் 17 அல்லது மேல் இருந்து, அதில் ஆசைப் பதினொன்றாக எண்ணியிராவிடின், நில். அவ்வாறே ஆசின் துணையின்றி 13 முதல் 16 வரை இருந்தால், விடுதியின் திறந்த சீட்டு இரண்டு முதல் ஆறு வரையாயின் நில். ஏழோ அதற்கு மேலோ ஆயின் எடு. 16இல் எடுப்பவன் 13க்கு 8 என்ற வீதத்தில் 21ஐக் கடப்பான் என்பது உண்மையே. ஆயினும் வலிய சீட்டுக்கு எதிரே நிற்பது அதனினும் கேடு. விடுதி ஆறைக் காட்டும்போதோ, நூற்றுக்கு ஏறத்தாழ 42 தடவை அதுவே கடந்து வீழும். நாம் பொறுத்திருந்தாற் போதும். இரண்டு எட்டுகளையும் இரண்டு ஆசுகளையும் பிரித்து ஆடு. இரண்டு பத்துகளைப் பிரியாதே.

விடுதி ஆசைக் காட்டும்போது ‘காப்புறுதி’ என்று ஒரு பக்கப் பந்தயத்தை நீட்டுவார்கள். பெயரோ பாதுகாப்பைச் சொல்கிறது. மூடிய சீட்டு பத்தாயிருந்தால் ஒன்றுக்கு இரண்டு தருவார்கள். நட்டமின்றி முடிய மூன்றுக்கு ஒரு தடவையாவது பத்து வரவேண்டும். கட்டிலோ 52க்கு 16 சீட்டே பத்து மதிப்புடையது. 13க்கு 4 என்பது மூன்றுக்கு ஒன்றிலும் குறைவு. கணக்கறியாதவனுக்கே அது காப்பு.

இவற்றையெல்லாம் பிசகாது கடைப்பிடித்தவன் பெறுவது என்ன? நல்ல விதிகளுள்ள மேசையில் அவன் வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் சராசரி 50 சதமளவில் இழப்பான். இதுதான் அந்த வித்தையின் உச்சி! முதல் இரு சீட்டிலேயே 21 பெற்றவனுக்கு 150க்குப் பதிலாக 120 கொடுக்கும் மேசையாயின் இழப்பு மேலும் 1 ரூபா 40 சதமளவு கூடும். விழுந்த சீட்டுகளை எண்ணி ஆடினால் வெல்லலாமென 1962இல் எட்வேர்ட் தோர்ப் நூலெழுதினார். விடுதிகள் கட்டுகளைப் பெருக்கியும், அடிக்கடி குலுக்கியும், எண்ணுகிறவனை எழுப்பி அனுப்பியும் அவ்வழியை ஒடுக்கின.

இந்தக் கணக்கு நமக்கேன் என்று கேட்கலாம். இலங்கையில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்ட விடுதிகளை ஒழுங்குபடுத்த முற்பட்டது. 2025 ஆகஸ்டில் கொழும்பிலே ‘சிற்றி ஒப் ட்றீம்ஸ்’ தன் பெரிய விடுதியைத் திறந்தது. ஆனால் யாழ்ப்பாணத்து இளைஞன் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. அவன் சட்டைப்பையிலுள்ள கைபேசியே மேசையாகிவிட்டது. அங்கே சீட்டுக் குலுக்கும் நேரமுமில்லை. எழுந்திரு என்று சொல்லும் தகப்பனுமில்லை. ஒரு மணி நேரத்தில் எத்தனை கூடுதலான ஆட்டமோ அத்தனை மடங்கு இழப்பு. மாமனார் வீட்டுத் திண்ணையில் முந்நூற்றுநான்கு ஆடிப் பழகியவன், தன் சூட்சுமம் இங்கும் செல்லுமென எண்ணிவிடுகிறான். அவனை ஏமாற்றுவது அந்த நம்பிக்கையே.

ஆகவே, பாடசாலையில் நிகழ்தகவு கற்பிக்கும் ஆசிரியர்கள் நாணயத்தையும் தாயக்கட்டையையும் உருட்டுவதோடு நில்லாமல் இந்த இருபத்தொன்றையும் கரும்பலகையில் எழுதிக் காட்டவேண்டுமென்கிறேன். சூதைக் கற்பிப்பதாகாதா எனச் சிலர் அஞ்சுவர். அவர்களுக்கு நளன் கதையையே நினைவூட்டுவேன். இருதுபன்னன் தான்றிமரத்துக் காய்களை எண்ணிச் சொன்ன வித்தையைக் கற்ற பின்னரே கலி நளனை விட்டு நீங்கினான். நளன் பின்னர் ஆடி வென்றானே என்பீர்களாயின், அவனெதிரே இருந்த புட்கரன் அவனைப் போன்ற ஒரு மனிதன். நமது பிள்ளைகளின் எதிரே இருப்பதோ தோற்காத வண்ணம் விதி வகுத்துக்கொண்ட விடுதி. அங்கே கணக்கறிந்தவனுக்கு ஒரே ஒரு நல்ல ஆட்டம் உண்டு: கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து வீட்டுக்கு வருதல்.