செல் கவுன்ட்டர் வாங்கலாமா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் கிளினிக்குகளுக்குக் காய்ச்சல்காரர்களோடு கருவி விற்பனையாளர்களும் வந்து சேர்கிறார்கள். டெங்கு பயத்தில் நோயாளிகளே "பிளேட்லெட் பாத்துடுங்க டாக்டர்" என்று கேட்கும் மாதங்கள் அவை. அந்தக் கூட்டத்தைக் காட்டித்தான், த்ரீ-பார்ட் செல் கவுன்ட்டர் எத்தனை மாதத்தில் போட்ட பணத்தை எடுத்துவிடும் என்று கணக்குப் போட்டுத் தருகிறார்கள். அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் மார்ச், ஏப்ரல் ஓ.பி. நோட்டைப் புரட்டுங்கள். அப்போது எத்தனை சிபிசி எழுதினீர்கள் என்பதுதான் சரியான கணக்கு.

ஏனென்றால், நோயாளி வராத நாளிலும் இந்தக் கருவி செலவு வைக்கும். காலையில் ஆன் செய்ததும் குழாய்களைக் கழுவி, ரத்தமில்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும். இரவு அணைக்கும்போதும் கழுவும். டைலுவென்ட், லைஸ், கிளீனர் எல்லாம் குறைந்துகொண்டே வரும். கன்ட்ரோல் ரத்தம் குப்பியைத் திறந்தபின் ஏறக்குறைய இரண்டு வாரம்தான் தாங்கும், பத்துப் பேருக்குப் பார்த்தாலும் நூறு பேருக்குப் பார்த்தாலும். செலவைக் குறைக்கக் கன்ட்ரோல் ஓட்டுவதையே நிறுத்திவிடுகிற இடங்களும் உண்டு. அப்புறம் அது சொல்லும் எண்ணை நம்பி யாரை அட்மிட் செய்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது?

பிளேட்லெட் எண்ணிக்கையில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். இம்பீடன்ஸ் முறையில் எண்ணும் கருவிக்கு அளவு ஒன்றுதான் அடையாளம். ஈடிடிஏ குழாயில் பிளேட்லெட்டுகள் திரண்டு ஒட்டிக்கொண்டால் அவற்றை விட்டுவிடும். 40,000 என்று அச்சாகி வரும், ஸ்மியரில் பார்த்தால் போதுமான அளவு இருக்கும். நேர்மாறாக, இரும்புச்சத்துக் குறைவில் மிகவும் சிறுத்துப்போன சிவப்பணுக்களை பிளேட்லெட்டோடு சேர்த்து எண்ணி, உண்மையான குறைவை மறைத்தும் விடும். லீஷ்மன் ஸ்டெயின் போட்டு ஸ்மியர் பார்க்கத் தெரிந்தவர் இல்லாத கிளினிக் இதை வாங்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. முதலில் ஒரு நல்ல மைக்ரோஸ்கோப் வாங்குங்கள்.

வரி மிச்சமாகும் என்பார்கள். மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் கருவிக்குக் கட்டிய ஜிஎஸ்டியை நாம் திரும்ப எடுக்க வழியில்லை. வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் உத்தேச முறையில் வரி கட்டுகிறவர்களுக்குத் தேய்மானமும் தனியாகக் கிடையாது.

எங்களை அதிகம் யோசிக்க வைப்பது ரீஏஜென்ட் ரென்டல். கருவிக்குப் பணமே வேண்டாம், மாதம் இத்தனை ரூபாய்க்கு ரீஏஜென்ட் எடுத்தால் போதும். குறைந்தால் மீதியைக் கட்ட வேண்டும். மாதக் கடைசியில், முதல்நாள் சளிக்காய்ச்சலோடு வரும் குழந்தைக்குச் சிபிசி எழுதும்போது அந்த ஒப்பந்தம் நம் நினைவுக்கு வராது என்று அடித்துச் சொல்ல முடியுமா? வெளி லேபிலிருந்து கமிஷன் வாங்குவதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் தடுக்கின்றன. சொந்தக் கருவிக்கு நாமே எழுதிக்கொள்ளும் டெஸ்ட்டை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வாங்கியே ஆக வேண்டிய இடங்களும் இருக்கின்றன. ரிசல்ட் வர மறுநாள் ஆகிவிடும் மலையடிவாரக் கிளினிக்கில், டெங்குக் காய்ச்சல் இறங்கும் நாளில் ஹெமட்டோக்ரிட் ஏறுகிறதா என்று சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க முடிவது பெரிய விஷயம். போன சீசனில் ரிசல்ட் உடனே கிடைத்திருந்தால் எத்தனை பேருக்குச் சிகிச்சையை மாற்றியிருப்பீர்கள்? தெருமுனையில் நல்ல லேப் உள்ளவர்களுக்கு இதற்கான விடை பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கும்.

வாங்குவதென்று முடிவானால், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் இன்ஜினியர் வருவார், வேறு கம்பெனி ரீஏஜென்ட் போடலாமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். டெல்லி எய்ம்ஸ் நடத்துவது போன்ற வெளித் தரச் சோதனைத் திட்டம் ஒன்றில் சேருங்கள். அதே மாடலைச் சில ஆண்டுகளாக ஓட்டும் கிளினிக் ஒன்றுக்கு நேரில் போய் விசாரியுங்கள். டாக்டரைவிட அங்குள்ள டெக்னீஷியனிடம் பேசுவது பயன் தரும்.