வறுமையை விற்றவர்களா இவர்கள்?

வெளிநாட்டு விருதுக்காக நம் வறுமையைக் கடைபரப்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டு, நாட்டின் குறையைச் சொல்லும் ஒவ்வொரு படைப்பின்மீதும் விழுகிறது. 1980இல் மாநிலங்களவையில் இதை உரக்கச் சொன்னவர் நடிகை நர்கிஸ். அவர் சாடியது திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயை. நவீன இந்தியாவைக் காட்டவேண்டும் என்றார். அது எது என்று ஒரு நேர்காணலில் கேட்டபோது அணைகளைச் சொன்னார்.

வெளிநாட்டாருக்காக என்பதை முதலில் பார்ப்போம். 'பதேர் பாஞ்சாலி' விபூதிபூஷண் பந்தோபாத்யாய் வங்காளிகளுக்காக எழுதிய நாவல், நூலானது 1929இல். புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934இல் வந்தது. நகரத்தின் சந்து வாழ்க்கையைத் தமிழ் வாசகரின் முகத்துக்கு நேரே வைத்த கதை. 'பதேர் பாஞ்சாலி'யை ராய் படமாக எடுக்கும்போது கைக்காசு தீர்ந்து மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. பிறகு பணம் கொடுத்தது மேற்கு வங்க அரசு, அதுவும் சாலை மேம்பாட்டுக் கணக்கில். கான் விழாப் பரிசு 1956இல்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே கல்கத்தா மக்கள் அந்தப் படத்தைத் தங்களுடையதாக்கிக் கொண்டிருந்தார்கள்.

அந்தப் படத்தில் வறுமை மட்டும்தான் இருக்கிறது என்பவர்கள், அக்காவும் தம்பியும் நாணல் காட்டினூடே ரயில் பார்க்க ஓடும் காட்சியை மறந்துவிடுகிறார்கள். ஏழையை வெறும் பரிதாபப் பொருளாக்கும் படங்களும் உண்டு; அவற்றை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் இந்தக் குழந்தைகளுக்கு ஆசையும் குறும்பும் திருட்டுத்தனமும் இருக்கின்றன.

அணைகளை மறைத்தார்கள் என்ற புகாருக்கு நர்கிஸ் நடித்த 'மதர் இந்தியா'வே பதில். 1957இல் வந்த அந்தப் படம், முதிய நாயகி ராதாவைக் கால்வாய் திறக்க அழைப்பதில் தொடங்குகிறது. வட்டிக்காரன் சுகிலாலாவின் கணக்கு, கையிழந்த கணவன், வெள்ளம், பசி, தன் கையாலேயே சுட்ட மகன் என எல்லாம் அவளுக்கு நினைவில் வருகின்றன. கடைசியில் கால்வாய் நீர் சிவப்பாக ஓடுகிறது. வளர்ச்சியைக் கொண்டாடவந்த படத்தாலும் அதற்குக் கொடுத்த விலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்கர் பரிந்துரை வரை வெளிநாடு போனதும் அதே படம்தான். அதை யாரும் வறுமை வியாபாரம் என்று சொல்லவில்லை, சொல்வதும் தவறு.

அந்த மாநிலங்களவைப் பேச்சுக்கு அடுத்த ஆண்டு, கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை கே. பாலசந்தர் 'தண்ணீர் தண்ணீர்' என்று படமாக்கினார். தண்ணீரில்லாத அத்திப்பட்டி கிராம மக்கள் அரசிடம் கேட்டுக் கேட்டுச் சலித்துத் தாங்களே கால்வாய் வெட்ட இறங்குகிறார்கள். அதிகாரம் குறுக்கே நிற்கிறது. இந்தக் கதையின் நாயகர்கள் அணைக்கு எதிரிகள் அல்லர், தண்ணீர் வந்துசேராத குடிமக்கள். சிறந்த தமிழ்ப் படமென்று அதற்குத் தேசிய விருது கொடுத்ததும் இந்திய அரசுதான்.

தேசத்தை வெறுப்பவர்கள் என்ற கடைசிக் குற்றச்சாட்டுதான் என்னை மிகவும் வருத்துகிறது. 1968இல் 'ராக் தர்பாரி' என்ற இந்தி நாவலை எழுதிய ஸ்ரீலால் சுக்ல உத்தரப் பிரதேச அரசு அதிகாரி. கூட்டுறவுச் சங்கம், பஞ்சாயத்து, கல்லூரி என்று நாடு கிராமத்துக்கு அனுப்பிய ஒவ்வொன்றையும் சிவபால்கஞ்ச் என்ற கிராமத்தின் பெரிய மனிதர் எப்படி விழுங்குகிறார் என்று அவர் எழுதினார். கோப்புகளுக்கு நடுவே அமர்ந்து அதைப் பார்த்தவர் அவர். அடுத்த ஆண்டு அந்த நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.