சம்பளத்துக்கு மட்டுமா பள்ளிக்கூடம்?

“படிக்கிறதே ஒரு நல்ல வேலைக்குப் போகத்தானே!” பெற்றோர் கூட்டம் முதல் கல்லூரி விளம்பரம் வரை இந்தப் பேச்சுதான். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறவர் பிள்ளையின் சம்பளத்தை எதிர்பார்ப்பதில் தவறே இல்லை. வேலையைத் தவிரப் படிப்புக்கு வேறு பயன் கிடையாது என்று அதன்மேல் எழுப்பும் வாதங்களைத்தான் மறுக்கிறேன்.

வேலையைக் குறிவைத்துப் படித்தால் வேலை உறுதி என்பது முதல் வாதம். தமிழ்நாட்டில் இது பலமுறை பொய்த்திருக்கிறது. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. பிறகு சேர ஆளில்லாமல் வரிசையாக மூடப்பட்டன. பொறியியல் கல்லூரிகள் 500-ஐத் தாண்டின. சிவில், மெக்கானிக்கல் வகுப்புகள் காலியாயின. 2024-இல் அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 6,244; விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்பே போதும் என்ற அந்தத் தேர்வுக்குப் பட்டதாரிகளும் முட்டி மோதினார்கள். வேலைகள் ஏன் இல்லை என்று கேட்க வேண்டிய இடத்தில், ‘தப்பான கோர்ஸ் எடுத்துவிட்டாய்’ என்று பிள்ளையின் தலையில் பழியைப் போடுகிறோம். இது அநியாயம்.

தேவையானதை மட்டும் படித்தால் போதும் என்பது அடுத்தது. எது தேவை என்று முடிவு செய்தவர்கள் என்ன செய்தார்கள்? பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டும் உருப்போட வைத்தன. மதிப்பெண் குவிந்தது, தொழிற்கல்லூரி இடமும் கிடைத்தது. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் பதிய வேண்டிய கணிதமும் இயற்பியலும் பதியாததால், கல்லூரி முதலாண்டிலேயே அரியர் விழுந்தது. இதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைக்க வேண்டிவந்தது. வேலையே குறி என்ற அவசரம், அந்த வேலைக்கு வேண்டிய அடிப்படையையே பறித்துவிட்டது.

மூன்றாவது வாதம்தான் எனக்கு அதிகக் கோபம் மூட்டுவது. ‘சிந்தனை, இலக்கியம், வரலாறு எல்லாம் வசதியுள்ளவர்களுக்கு, ஏழைப் பிள்ளைக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுங்கள்’ என்று பரிவான குரலில் அதைச் சொல்வார்கள். இந்த வாதம் இங்கே புதிதல்ல. 1953-இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை 3 மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்றது. எந்தக் குழந்தை எந்தத் தொழிலோடு நிற்க வேண்டும் என்பதைப் பிறப்பே முடிவு செய்யும் ஏற்பாடு அது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது.

ஏழைகளுக்குப் படிப்பு என்ன செய்யும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் புதுக்கோட்டைக்குப் போகட்டும். 1991-இல் அங்கே பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயல் வேலையும் கல்குவாரி வேலையும் முடித்துவிட்டு வந்த பெண்கள் இரவில் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். சான்றிதழைக் காட்டி வேலை கேட்கும் எண்ணத்தில் அவர்கள் வரவில்லை. இயக்கம் அவர்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். ஊரார் கேலி செய்தும் அவர்கள் இறங்கவில்லை. பஸ்ஸுக்காகவும், வீட்டு ஆண்பிள்ளை வந்து கூட்டிப்போவதற்காகவும் காத்திருந்த காலம் குறைந்தது. தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகத் தாங்களே கிளம்பினார்கள்.

‘அப்படியானால் அதுவும் பிழைப்புக்குத்தானே உதவியது?’ என்று கேட்கலாம். உதவியது. ஆனால் குவாரிக்கு ஆள் தயாரிக்கும் பயிற்சியை யாரும் அங்கே நடத்தவில்லை. வாசிக்கவும் கேள்வி கேட்கவும் ஒன்றுகூடவும் கற்றுக்கொண்டார்கள். கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் பிறகு குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள்.